ஒரே வாயிலிருந்து வந்த சேதி

நம் மேஜிக் சங்கத்தின் போன கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நான் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தலைக்கனம் பிடித்தவள் என்று பின்வரிசையில் யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தலைக்கனமெல்லாம் இல்லை. கண் திறந்திருக்கும்போது எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. ஒன்பதாவது வரை படித்தேன். அந்த ஒன்பது வருஷமும் ஆஜர் எடுக்கும்போது நான் சொன்ன ‘உள்ளேன் ஐயா’ வாத்தியாரின் மேசைவரை போய்ச் சேர்ந்ததில்லை.

அதனால் எழுதித் தருகிறேன். மனதைப் படிக்கும் ஐட்டங்களைப் புதிதாகச் செய்ய ஆரம்பித்திருக்கும் உங்களில் ஏழெட்டுப் பேருக்காக மட்டும் இது. உறை, சிலேட்டு, கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. சேந்தமங்கலத்தில் ஒரு மத்தியானம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் நிகழ்ச்சியில் பேசுகிறவர் என் வீட்டுக்காரர், பார்க்கிறவள் நான். இரண்டு பேருமே ராசிபுரத்தில் தறி வைத்திருந்த குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர் தறியை விட்டுவிட்டு சீட்டு, கயிறு, முட்டை என்று வித்தை காட்டப் போனார். கல்யாணத்துக்குப் பிறகு என்னையும் கூட்டிக்கொண்டார். எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் சலூனில் காத்திருந்தபோது ஒரு பழைய வாரப் பத்திரிகையில் அவர் ஒரு துண்டுச் செய்தியைப் படித்தார். பெரிய நாடுகள் இரண்டும் மனதாலேயே உளவு பார்க்க ஆட்களைப் பழக்குகின்றனவாம். ஆளை ஓர் அறையில் உட்கார வைத்து, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் கப்பலையும் கிடங்கையும் படமாக வரையச் சொல்கிறார்களாம். நிஜமோ பொய்யோ, முடி வெட்டி முடிப்பதற்குள் அவருடைய கதை தயாராகிவிட்டது.

கதை இதுதான். ஒரு பனி நாடு. தரைக்குக் கீழே ஏழு மாடி ஆழத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் ஒரு பெண். கதவிடுக்கு வழியாக ஒரு சீட்டு வரும். சீட்டில் ஓர் எண் மட்டும் இருக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த எண்ணுக்குரிய இடத்தை வரைவாள். கப்பல், பாலம், ஒரு தளபதியின் படுக்கையறை. ஒரு நாள் அவள் வரைந்த படத்தில் அதே அறை இருந்தது, கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தது போல. அதிகாரிகள் ஓடி வந்து கதவைத் திறந்தார்கள். நாற்காலி காலி. “அந்தப் பெண் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவளிடம் அந்த வித்தையைக் கற்றவர் ஒருவர் இருக்கிறார்” என்று சொல்லி அவர் கறுப்புத் திரையை விலக்குவார். உள்ளே நான் உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு கண்ணிலும் மைதா மாவு உருண்டை, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் கறுப்பு வெல்வெட் துணி. மாவு முதலில் ஜில்லென்று இருக்கும். பிறகு உடம்புச் சூடு ஏறி அது என் தோலைப் போலவே ஆகிவிடும். அதற்குள் கண்ணின் துடிப்பு தனியாகத் தெரியும். அந்த இருட்டுக்குள் போனதும் என் கூச்சம் போய்விடும். என் வாயிலிருந்து வரும் குரலை நானே அடையாளம் தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கால் மணி நேரம் போனால் இருட்டில் படங்கள் வரும். படிக்கட்டு, யாருடைய முதுகோ, தண்ணீரில் ஒரு துணி. சில நாள் நாற்காலிக்குப் பின்னால் இன்னொருவர் மூச்சு விடுவது கேட்கும். ஆரம்பத்தில் பயந்துபோய் அவரிடம் சொன்னேன். அவர், கண்ணைக் கட்டி வைத்தால் எல்லோருக்கும் அப்படித்தான், அதை நம்ப ஆரம்பித்தால் நீ பைத்தியம் ஆகிவிடுவாய் என்றார். உங்களுக்கும் அப்படி வரும். வந்தால் பயப்படாதீர்கள், நம்பவும் நம்பாதீர்கள்.

சனங்கள்தான் நம்பினார்கள். மேட்டூரில் ஓர் ஊழியர் குடியிருப்பில் நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலை, டீக்கடைக்காரர் என் கையில் டம்ளரைக் கொடுக்கவில்லை. பெஞ்சில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் என்னை அடையாளம் கண்டதும் குழந்தையின் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டு எழுந்து போனாள். முதலில் அது வருத்தமாக இருந்தது. பிறகு, உண்மையைச் சொல்வதென்றால், கொஞ்சம் பிடித்தும் இருந்தது. என்னைப் பார்த்து யாரும் ஒதுங்கியதில்லையே.

எங்கள் கூட மூன்றாவது ஆள் மாரப்பன். எங்கள் இரண்டு பேருக்கும் மூத்தவர். எந்த ஊரில் நிகழ்ச்சியோ அந்த ஊருக்கு மூன்று நாள் முன்னால் போய் போஸ்டர் ஒட்டுவார். ஒட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டு வருவார். யார் வீட்டில் மாடு தொலைந்தது, யார் மகன் பட்டாளத்தில் இருக்கிறான். அதற்கு எங்களுக்குள் ‘சேதி’ என்று பேர். கதையில் உளவாளி நான். நிஜ உளவாளி மாரப்பன்.

இரண்டு கட்டுப்பாடுகள் வைத்திருந்தோம். சாவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஒரு சேதி இரண்டு வெவ்வேறு வாயிலிருந்து வந்தால்தான் மேடைக்கு எடுத்துக்கொள்வது. பதினொரு வருஷம் இரண்டையும் மீறியதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி, பங்குனி மாதம். சேந்தமங்கலத்தில் ஒரு டென்ட் கொட்டகையில் மூன்று ஞாயிறு மத்தியானம் எங்களுக்கு இடம் கிடைத்தது. சாயந்தரம் அவர்கள் சினிமா ஓட்டுவார்கள். இரண்டாம் ஞாயிற்றுக்கு முந்தின நாள் மாரப்பன் முகம் மலர வந்து சேர்ந்தார்.

புதுச்சத்திரத்தில் பெரிய ரோட்டோரச் சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒரு விவசாயி வந்து பசை வாளியைப் பிடித்துக்கொண்டாராம். ஐம்பது வயசு, தோளில் துண்டு, பேச்சில் மரியாதை. அவருடைய தம்பி செங்கோடன் போர்வெல் ரிக்கில் வேலைக்கு வடக்கே போனவன். பதினாலு மாதமாகக் கடிதம் இல்லை. தம்பி பெண்சாதி பாவாயி சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப் போய்விட்டாள். இப்போது ஒரு கடிதம் வந்திருக்கிறது. செங்கோடன் நாக்பூர் பக்கம் நல்லபடியாக இருக்கிறான். துளைபோடும் இரும்பு ராடை மாற்றும்போது வலது கை ஆள்காட்டி விரல் நசுங்கிவிட்டது, அதனால்தான் எழுதவில்லை. இதையும் வேறு யாரையோ வைத்துத்தான் எழுதியிருக்கிறான். ஆடிக்கு ஊருக்கு வருகிறான்.

“எழுத்து அவனுது இல்லைன்னு எங்கூட்டுப் புள்ள நம்பாதுங்க. நானாச் சொல்றேன்னு நெனைக்கும். உங்க அம்மா வாயில வந்தா நம்புங்க” என்று அவர் மாரப்பனிடம் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பாவாயியைத் தானே கூட்டி வருவதாகவும் சொன்னாராம்.

என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். ஒரே வாய்தானே என்றார். நான்தான் விடவில்லை. நல்ல சேதிதானே, ஒரு பெண் வயிறாரச் சாப்பிட்டால் நமக்கென்ன குறைச்சல் என்று நான்தான் சொன்னேன். கெட்ட சேதியாக இருந்திருந்தால் நாங்கள் மூன்று பேரும் பத்துத் தடவை விசாரித்திருப்போம். நல்லதாக இருந்ததால் ஒருவரும் விசாரிக்கவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டிய பிசகு இதுதான்.

ஞாயிறு மத்தியானம் கொட்டகை நிறைந்திருந்தது. ஆண்கள் பக்கம் பெஞ்சு, பெண்கள் பக்கம் மணல் தரை, நடுவில் இடுப்பளவுச் சுவர். கூரைக் கித்தானில் இருந்த பொத்தல்கள் வழியாக வெயில் காசு காசாக விழுந்துகொண்டிருந்தது. கொல்லிமலைப் பக்கமிருந்து காற்று வரும்போது கித்தான் மெல்ல உப்பி மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரிய மிருகம் ஒன்றின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். கண்ணைக் கட்டுவதற்கு முன் நான் கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

கதை முடிந்தது. திரை விலகியது. இரண்டு மூன்று பேரை அழைத்து முடித்தபின் என் வீட்டுக்காரர் பெண்கள் பக்கமிருந்து பாவாயியை மேடைக்குக் கூப்பிட்டார். மனதில் இருக்கும் ஆளின் பெயரை ஒரு சீட்டில் எழுதி உறையில் போடச் சொன்னார். பென்சில் நிதானமாகக் கீறும் சத்தம் கேட்டது. அவளிடமிருந்து மாட்டுத்தீவனமும் மஞ்சளும் கலந்த வாடை வந்தது.

வீட்டில் என்னை ‘ஏ புள்ளே’ என்பார், மேடையில் ‘அம்மா’. “சொல்லுங்கள் அம்மா. இந்தத் தாயின் மனதில் யார்?” என்று ஆரம்பித்தார்.

நான் சொன்னேன். ஓர் ஆண். செங்கோடன். இரும்பு இரும்போடு மோதும் சத்தம். தரையிலிருந்து மேலே பீய்ச்சியடிக்கும் மண் புழுதி. நாக்பூர். வடக்கு. கொட்டகையில் யாரோ குழந்தையின் வாயைப் பொத்துவது கேட்டது. சிலேட்டில் ஒரு கையை வரைந்தேன். ஆள்காட்டி விரலைச் சுற்றிக் கட்டுப் போட்டேன்.

“வெரலுக்கு என்னங்க சாமி ஆச்சு?” என்றாள் பாவாயி. குரல் என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. மண்டி போட்டிருந்தாள்.

நசுங்கியது என்றேன். அதனால்தான் எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது ஆண்கள் பக்கம் பின்னாலிருந்து ஒருவர் எழுந்து பேசினார்.

“அம்மா சொல்றது நெசமுங்க. நான் அந்த ரிக் வண்டி டிரைவர். இந்த ஊர்தான். நேத்துத்தான் வண்டி வந்துச்சு. ராடு மாத்தறப்ப என்ற கண்ணு முன்னாலதான் நசுங்குச்சுங்க. கட்டுப் போட்டு அன்னைக்கே நான்தான் ரயிலேத்தி உட்டேன்.”

கைதட்டல் எழுந்தது. இத்தனை வருஷத்தில் எங்களுக்கு இப்படிச் சாட்சி கிடைத்ததில்லை. ஆனால் டிரைவர் உட்காரவில்லை. அவருக்குக் குழப்பமாக இருந்தது.

“ஆனா அவன் ஊட்டுக்கு வந்துட்டானுங்களே. போன வருசம் தை மாசம். சேலத்துல எறங்கி எங்கூட்டுக்கு வந்து, நான் குடுத்து உட்ட துணியெல்லாம் குடுத்துட்டு, ஒரு சொம்பு மோர் குடிச்சுட்டு, புதுச்சத்திரத்துக்கு பஸ் ஏறியிருக்கான். என்ற சம்சாரந்தான் ஏத்தி உட்டிருக்குது. இந்தம்மா ஏன் அவனைத் தேடுதுன்னு எனக்கு வெளங்கலீங்க.”

கைதட்டல் நின்றுவிட்டது. கித்தான் உப்பி, உள்ளே இழுத்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

இருட்டில் உட்கார்ந்து நான் ஒவ்வொன்றாக அடுக்கினேன். விரல் நசுங்கிய அன்றே செங்கோடன் ரயில் ஏறியிருக்கிறான். கட்டுப் போட்ட கையோடு இதே ஊரில் மோர் குடித்திருக்கிறான். தன் ஊருக்கு பஸ் ஏறியிருக்கிறான். பாவாயி அவனைப் பார்க்கவில்லை, விரலைப் பற்றியும் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவளுடைய மூத்தாருக்கு, செங்கோடனின் அண்ணனுக்கு, விரலைப் பற்றித் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் அவர் அந்தக் கையைப் பார்த்திருக்கிறார். நாக்பூர், கடிதம், ஆடி மாதம் எல்லாம் பொய். அந்தப் பொய்யை நம்ப வைக்க அவர் அதோடு ஓர் உண்மையைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

கையிலிருந்த சாக்பீஸ் ஈரமாகிவிட்டது. பதினொரு வருஷம் ஊரார் வாயிலிருந்து நாங்கள் சேதி எடுத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கே ஒருவர் சேதி ஊட்டிவிட முடியும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பாவாயி கேட்டாள். “சாமி, அவரு இப்ப எங்க இருக்காருங்க? இருக்காருங்களா?”

என் வீட்டுக்காரரும் திகைத்துப்போயிருக்க வேண்டும். ஆனால் மேடையில் நிற்கிறவருக்கு நிகழ்ச்சியை முடித்தாக வேண்டும் என்ற எண்ணம் முதலில் வரும். அதே கேள்வியைத் திருப்பி என்னிடம் கேட்டார். கேட்ட விதத்திலேயே எனக்கான பதில் இருந்தது. நலம், வடக்கு, வருகிறார்.

அதைச் சொல்லியிருந்தால் கைதட்டலோடு முடிந்திருக்கும். டிரைவருக்கு ஏதோ குழப்பம் என்று எல்லோரும் விட்டிருப்பார்கள். பாவாயி ஆடி வரை காத்திருப்பாள், அப்புறம் அடுத்த ஆடி. அவன் இல்லை என்றும் சொல்லலாம். ஆனால் அது எனக்கு எப்படித் தெரியும்? ஒன்றும் தெரியவில்லை, படம் மங்கிவிட்டது என்று நழுவலாம். அப்போதும் நாங்கள் சொன்ன நாக்பூர் அவள் மனதில் நிற்கும். அந்தச் சமயத்தில் என் பின்னால் அந்த மூச்சுச் சத்தம் வந்தது. எப்போதும் வருவதுதான். அன்றைக்கு அது எதற்கோ காத்திருப்பது போல இருந்தது.

நான் துணியை அவிழ்த்தேன். மேடையில் அதுவரை ஒரு நாளும் செய்யாதது. பஞ்சு விழுந்தது, மாவு இமையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. கண் தெளிந்தபோது இவ்வளவு கிட்டத்தில் ஒரு முகம். முப்பது வயசுகூட இராது. கழுத்தில் மஞ்சள் கயிறு.

“அம்மிணி, நான் எதையும் பாக்கலீங்க” என்றேன். கண் திறந்திருந்தும் எப்படியோ குரல் வந்தது. “எங்க ஆளு ஊருக்குள்ள போயி கேட்டுட்டு வாரதைத்தான் நான் சொல்றது. வெரலைப் பத்தியும் நாக்பூரைப் பத்தியும் எங்களுக்குச் சொன்னவரு உங்க மூத்தாருங்க. அவருக்கு எப்படித் தெரியும்னு அவருகிட்டக் கேளுங்க.”

ஆண்கள் பக்கமிருந்து ஒருவன், அப்போ அந்தப் பனிநாட்டுப் பொம்பளையும் புளுகுதானா என்று கேட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று அடங்கிவிட்டது. மூன்றாவது பெஞ்சில் தோளில் துண்டு போட்ட ஒருவரைச் சுற்றி இடம் காலியாகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக நகர்ந்துகொண்டார்கள். என்னைப் பார்த்துப் பஸ்ஸில் அந்தப் பெண் நகர்ந்தது போலவே.

அவர் எழுந்தார். முகத்தில் கோபம் இல்லை. கடிதம் வீட்டில் பெட்டியில் இருக்கிறது, வந்தால் எடுத்துக் காட்டுகிறேன் என்று பாவாயியைப் பார்த்துச் சொன்னார்.

பாவாயி என் மடியிலிருந்த சிலேட்டை எடுத்துக்கொண்டாள். அதிலிருந்த கையை ஒரு தரம் பார்த்தாள். “நடங்க மாமா, வாரேன்” என்று மூத்தாரிடம் சொன்னாள். டிரைவரும் இன்னும் நாலைந்து பேரும் கூடவே போனார்கள்.

சாமான்களைக் கட்டும்போது என் வீட்டுக்காரர், பதினொரு வருஷத்து வித்தையை ஒரு நிமிஷத்தில் அவிழ்த்துப் போட்டுவிட்டாயே என்று மட்டும் கேட்டார். அவிழ்க்காவிட்டால் அந்த ஆளின் பொய் நம்முடைய பொய் ஆகியிருக்கும் என்றேன். நம் தொழிலில் ரகசியத்தை வெளியே சொல்வதைவிடப் பெரிய குற்றம் இல்லை என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் செய்தது சரி என்று உங்களிடம் வாதாட வரவில்லை. அந்த முகத்துக்கு முன்னால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் மாரப்பன் போய் விசாரித்து வந்தார். இந்தத் தடவை நாலைந்து பேரிடம் கேட்டிருந்தார். பெட்டியில் கடிதம் இல்லை. டிரைவரின் மனைவியையும் வரவழைத்து எதிரே நிறுத்தியபோது மூத்தவர் பேசுவதை நிறுத்திவிட்டார். தங்கள் நிலத்தில் பழைய கிணறு இருந்த திசையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு சொன்னார்.

போன வருஷம் தையில் செங்கோடன் ஒரு மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஊருக்குள் போகாமல் நேராகத் தங்கள் நிலத்துக்கு வந்திருக்கிறான். அங்கே அண்ணன் மட்டும் இருந்திருக்கிறார். நிலத்தைப் பிரித்துக் கொடு, இனி வடக்கே போக மாட்டேன் என்று கேட்டிருக்கிறான். வாய்ச்சண்டை. கிணற்று மேட்டில் நின்றுதான் பேசியிருக்கிறார்கள். தவறி விழுந்தான் என்று மூத்தவர் கடைசி வரை சொன்னார். கோர்ட்டிலும் அதையே சொன்னார்.

அந்தக் கிணறு வற்றிப் போன கிணறு. அப்போது எங்கள் பக்கம் எல்லோரும் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஐம்பது அடியிலிருந்து இருநூறு அடிக்குப் போய்விட்டது. பழைய கிணறுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். அவர்கள் கிணற்றையும் மூட ஆரம்பித்து மூன்று நாள் ஆகியிருந்தது. மூத்தவர் யாரிடமும் சொல்லவில்லை. கிணற்றை மூடும் வேலையையும் நிறுத்தவில்லை. தம்பி வேறு ரிக் ஏறிப் போய்விட்டதாக ரிக் ஓனர் சொன்னார் என்று பிறகு வீட்டில் சொல்லியிருக்கிறார். பாவாயி இந்தப் பங்குனியில் நாமக்கல் போலீசுக்கு மனு எழுதப் போவதாகச் சொன்ன வாரத்தில்தான் அவர் மாரப்பனின் பசை வாளியைப் பிடித்திருக்கிறார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. கொட்டகையில் அத்தனை பேர் முன்னால் இது தந்திரம், நான் எதையும் பார்க்கவில்லை என்று என் வாயாலேயே சொன்னேன். அதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை. கிணற்றுக்குள் இருந்ததை நான் பார்த்துவிட்டேன், பார்க்கச் சகிக்காமல்தான் துணியைப் பிய்த்தெறிந்தேன் என்று ஊர் ஊராகப் பேச்சுப் போனது. ராசிபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் காலையிலேயே ஆட்கள் வந்து நிற்பார்கள். ஆத்தூரிலிருந்து, திருச்செங்கோட்டிலிருந்து. கையில் போட்டோ. ரயிலில் தொலைந்த பிள்ளை, பட்டாளத்துக்குப் போன தம்பி. எனக்கு ஒன்றும் தெரியாது என்பேன். அப்படித்தான் சொல்வீர்கள் என்று கும்பிடுவார்கள். நான் கண்ணை மூடித் திறந்தால்கூட ஏதோ பார்க்கிறேன் என்று மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மூன்றாம் ஞாயிற்றுக்கும் நாங்கள் சேந்தமங்கலம் போகவில்லை, அப்புறம் எங்கேயும் போகவில்லை.

இருபது நாள் கழித்து ஒரு முற்பகல் பாவாயி வந்தாள். கழுத்தில் கயிறு இல்லை. வாசலில் நின்ற ஆட்கள் அவளைத் தெரிந்துகொண்டு வழி விட்டார்கள். உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். அவளிடமும் முதலில் உண்மையைத்தான் சொன்னேன். எனக்கு எந்தச் சக்தியும் இல்லை, அன்றைக்கு விரலைத் தவிர எதுவும் தெரியாது, அதுவும் கேட்டுச் சொன்னதுதான் என்றேன்.

அவள் தலையாட்டினாள். “அது வெளியில இருக்கறவியளுக்குச் சொல்றதுங்க. எனக்குச் சொல்லுங்க.”

பிறகு இரண்டு உள்ளங்கையையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டாள். “அவரு வந்த அன்னைக்குப் பொழுது சாயற நேரத்துல நானும் கெணத்துக்குப் போனனுங்க. எங்க மூத்தாரு ஒத்தையாளா மண்ணு கொட்டிட்டு இருந்தாரு. பாவமேன்னு நானும் கூடையை எடுத்துட்டேன். இருட்டுற வரைக்கும் கொட்டுனனுங்க. மக்யா நாளு விடிஞ்சும் கொட்டுனேன்.”

உள்ளங்கைகளைத் தானே ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

“ஒன்னு மட்டும் சொல்லுங்க சாமி. என்ற கை மண்ணு உளுகறப்ப அவருக்கு உசுரு இருந்துச்சுங்களா?”

கிணற்றைத் தோண்டி எடுத்த உடலைப் பார்த்த ஆஸ்பத்திரிக்காரர்களாலும் அதைச் சொல்ல முடியவில்லை. பதினாலு மாதம் ஆகிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தெரிந்த ஒரே ஆள் மூத்தவர். அவர் அதைப் பற்றிக் கேட்டால் வாயே திறக்கவில்லையாம்.

“இல்லீங்க அம்மிணி” என்றேன். “விழுந்த மாத்திரத்துல போயிட்டாரு. மண்ணு எதுவும் அவருக்குத் தெரியாது.”

அவள் என் கண்ணையே பார்த்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டாள். கேட்ட விதத்தில் சந்தேகம் இருந்தது. அவள் நம்ப விரும்பினாள், ஆனால் நம்ப முடியவில்லை. வெறும் பொய் அவளிடம் நிற்காது, அதோடு ஏதாவது ஓர் உண்மையைச் சேர்த்தாக வேண்டும். மூத்தவர் எங்களுக்குச் செய்ததும் அதுதான் என்பது தெரிந்தே செய்தேன். கேட்டுச் சொல்ல மாரப்பன் இல்லை. என் வீட்டுக்காரர் இல்லை. கண்ணில் மாவும் இல்லை.

“விழறப்ப உங்க பேரைச் சொன்னாருங்க” என்றேன்.

“பாவாயின்னுங்களா?”

“அது இல்லீங்க. நீங்க ரெண்டு பேரு மட்டும் இருக்கறப்பக் கூப்புடற பேரு.”

அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். தோள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அது யாருக்குமே தெரியாதே என்றாள். என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். சாப்பிட்டாள். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அந்தப் பெயர் என்னவென்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.